அண்ணனின் ரிவால்வருக்கு நான் செய்த பிடி

அண்ணன் என்னை நோக்கித் துப்பாக்கியை நீட்டவில்லை. நீட்டினார் என்று நான் சொன்னது பொய். பாகப் பிரிவினை பேசிய அன்று வண்டன்மேட்டு வீட்டில் கூடியிருந்த உறவினர்களிடம் அதைச் சொன்னேன். மறுநாள் காவல் நிலையத்தில் சொன்னேன். பிறகு கேட்டவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அதை நம்பினீர்கள். நம்பாதவர்களும் அண்ணன் எதிரில் அந்தப் பேச்சை எடுக்காமல் இருந்தீர்கள். அவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

அவருடைய வாழ்க்கையை முறையாகச் சொல்லிக்கொண்டே அந்த நாளுக்கு வருகிறேன்.

அண்ணன் பிறந்தது பாலக்காட்டின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்கு அப்பால், வரப்பைத் தாண்டினால் கோயமுத்தூர் மாவட்டம் என்று சொல்லும் ஊரில். நானும் அங்கேதான் பிறந்தேன். கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போன வருடங்களில் அப்பா இடுக்கி மலைக்குப் போய் வண்டன்மேட்டில் ஏலக்காய் நிலம் வாங்கினார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அண்ணனும் அப்பாவோடு மலைக்குப் போய்விட்டார். கல்லூரிக்கு மனுப் போட்டிருந்தது அவர். போனது நான். மழையிலும் அட்டைக் கடியிலும் அவர் பறிக்க வைத்த காயில்தான் என் கல்லூரிச் சம்பளமும் விடுதிச் சாப்பாடும் நடந்தன. நான் பாலக்காட்டில் பேராசிரியராகி ஓய்வும் பெற்றேன். அண்ணன் ஏலக்காட்டை விட்டு இறங்கவே இல்லை.

அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் சிரிக்க வைப்பார். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் சூடு கூடிவிட்டால் காயின் நிறம் போய்விடும். அதனால் அறுவடைக் காலத்தில் அவர் ஸ்டோரிலேயே இருப்பார். அழுகல் நோய் வந்து காடு முழுவதும் கருகிய ஆண்டில்கூட வேலைக்கு வந்த பெண்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை. அண்ணி நோய்வாய்ப்பட்டுப் படுத்த காலத்தில் சமையலையும் அவரே பார்த்துக்கொண்டார். அண்ணியின் மறைவுக்குப் பிறகு அவருக்கு இருந்தது மகள் ஒருத்திதான்.

இனி ரிவால்வர்.

மாட்டுப்பட்டிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மேலாளராக இருந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பியபோது, அப்பா உரிய அனுமதியோடு அவரிடமிருந்து வாங்கியது அது. ஏலத்தில் காய் விற்ற பணத்தோடு காட்டுப் பாதையில் வர வேண்டியிருந்த காலம். அப்பா அதை ஒரே ஒரு தடவை சுட்டிருக்கிறார். ஏலச்செடியைத் தோண்டிய பன்றிகளை விரட்ட வானத்தைப் பார்த்துச் சுட்டாராம். "பன்னி அப்பிடியே நின்னுச்சு. வேலைக்கு வந்தவிய அத்தன பேரும் ஓடிப் போயிட்டாங்க" என்று அண்ணன் சொல்வார்.

அப்பா காலமான பிறகு, மலையில் இருப்பவர் என்ற முறையில் லைசன்ஸ் அண்ணன் பெயருக்கு மாறியது. அவருக்கு அதில் விருப்பமே இல்லை. "இது வயசான நாயாட்டம்டா தம்பி. கடிக்காது. ஆனா நாமதான் கட்டி வெச்சுச் சோறு போடோணும்" என்றார். தேர்தல் அறிவித்தால் லைசன்ஸ்காரர்கள் எல்லோரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்த பிறகு திரும்ப வாங்க வேண்டும். அண்ணன் முதல் ஆளாகப் போய்க் கொடுப்பார், கடைசி ஆளாகப் போய் வாங்குவார்.

அப்படி ஒரு தேர்தல் சமயத்தில்தான் பாகம் பேசினோம். நிலத்தின் கீழ்ப் பகுதியில் ஓடை இருந்தது. கோடையில் அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் மேல்காடு தாங்காது. மலையில் இருந்து விவசாயம் செய்கிறவரிடம் ஓடை இருக்கட்டும், ஊர் வீட்டையும் மேல்காட்டில் ஒரு பங்கையும் நீ எடுத்துக்கொள் என்றார் அண்ணன். நியாயமான பேச்சு. எனக்கு ஓடைப் பக்கம்தான் வேண்டியிருந்தது. அதை வாங்க ஒருவர் தயாராக இருந்தார், அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பெரியவர்கள் வெளியே வாசலில் இருந்தார்கள். அறையில் நாங்கள் இருவர் மட்டும். அண்ணன் அன்று ஸ்டேஷனுக்குப் போவதற்காக ரிவால்வரைத் துண்டில் சுற்றித் துணிப்பையில் வைத்திருந்தார். நிலத்தின் வரைபடமும் அதே பையில், துப்பாக்கிக்கு அடியில் இருந்தது. வரைபடத்தை எடுக்க வேண்டிப் பையிலிருந்த துப்பாக்கியை வெளியே எடுத்து, குழல் சுவரைப் பார்க்கும்படி மேசையில் வைத்தார். துண்டு விலகியது. அந்த நொடியில் நான் கத்தினேன்.

நான் பயப்படவில்லை. பேச்சில் தோற்றுக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

வாசலில் பெரியவர்களோடு இருந்த எங்கள் மாமா உள்ளே ஓடி வந்து, "என்றா? என்ன ஆச்சு?" என்றார்.

"நீட்டறாரு மாமா. துப்பாக்கிய எடுத்து நீட்டறாருங்க" என்றேன்.

அண்ணன் சிரித்துவிட்டார். நான் நிஜமாகவே பயந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். "மாமா, இவன் பன்னிய விடவும் மோசமுங்க. வெறுந்துப்பாக்கியப் பார்த்துட்டு அலறறான்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. துப்பாக்கியைத் துண்டில் சுற்றித் திரும்பப் பைக்குள் வைத்தார்.

மறுநாள் ஸ்டேஷனில், நீட்டிவிட்டுச் சிரித்தார் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

தேர்தலுக்காக ஒப்படைக்க வேண்டிய துப்பாக்கி வழக்குப் பொருளாகப் போனது. மாமா நடுவில் நின்று சமாதானம் பேசினார். அண்ணன் ஓடைப் பக்கத்தை எனக்கு எழுதிக் கொடுத்தார். நான் புகாரைத் திரும்பப் பெற்றேன். திரும்பப் பெறுகிறேன் என்றுதான் சொன்னேனே ஒழிய, பொய் என்று சொல்லவில்லை. அதனால் என்ன ஆனது என்றால், அண்ணனை மன்னித்த தம்பி என்று உறவில் எனக்கு நல்ல பெயர் வந்தது. கல்யாண வீடுகளில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ற மனசு ஆருக்கு வரும்" என்று சொன்னவர்கள் உண்டு. நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதையும் அடக்கம் என்றார்கள். வாங்க இருந்தவர் பின்வாங்கிவிட்டதால் ஓடைப் பக்கம் விற்காமல் என்னிடமே கிடந்தது.

வழக்கு முடிந்து, லைசன்ஸ் பற்றி முடிவாகி, ரிவால்வர் அண்ணன் கைக்குத் திரும்பி வரப் பல வருடங்கள் ஆயின. அதற்குள் எத்தனையோ மழைக்காலம் போய்விட்டது. இரும்பில் துரு. பிடியின் இரண்டு பக்க மரத்தில் ஒன்றைக் காணவில்லை, மற்றது ஊறி வெடித்திருந்தது. அண்ணன் சைக்கிள் டியூபைக் கிழித்து அதில் சுற்றி வைத்தார்.

அதை அரசாங்கத்திடமே கொடுத்துவிடுங்கள் என்று பலர் சொன்னார்கள். அண்ணன் மறுத்தார். "இப்பக் கொடுத்தா, ஆமாங்க, நீட்டுனதுதானுங்கன்னு கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிருமுங்க" என்றார். வேண்டாத பொருளை வைத்திருக்கவும் முடியாது, விடவும் முடியாது. லைசன்ஸ் புதுப்பிக்கப் போனால் அலுவலகத்தில் பழைய வழக்கைக் கேட்பார்கள். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கேட்பார்கள். வரிசையில் நிற்பவர்களும் விடமாட்டார்கள். பக்கத்துக் காட்டுக்காரர், கம்பத்திலிருந்து வந்து குடியேறியவர், வேடிக்கையாகத்தான் கேட்பார்: "என்னண்ணே, இந்த எலெக்சனுக்குள்ளயாச்சும் தம்பியச் சுட்டிகளா, இல்ல அடுத்ததுக்குத் தள்ளி வச்சிருக்கீகளா?" அண்ணனும் சிரித்துக்கொண்டே நிற்பார். வேறென்ன செய்வார்?

மகளுக்கு வந்த ஒரு நல்ல வரன், "துப்பாக்கி எடுக்கிற கை" என்ற பேச்சைக் கேட்டுத் திரும்பிப் போனது. அது எனக்கு அப்போதே தெரியும். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு வேறு இடத்தில்தான் அவளுக்குக் கல்யாணம் ஆனது.

ஓய்வு பெற்று, என் மனைவியும் போன பிறகு, தனியாக இருக்கும் வீட்டில் இவையெல்லாம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தன. ஒரு நாள் ஓடைப் பக்கத்துப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வண்டன்மேட்டுக்குப் போனேன். உங்களுக்கே எழுதித் தருகிறேன் அண்ணா என்றேன்.

"எப்பிடி வாங்கறது?" என்று கேட்டார். "நான் வாங்கினா, அண்ணன்காரன் மறுக்காவும் மிரட்டித்தான் புடுங்கிட்டான்னு சொல்லுவாங்க. எடுத்துட்டுப் போடா. சாப்பிட்டுட்டுப் போ."

சாப்பிட்டேன். பத்திரத்தோடு திரும்பி வந்தேன். நான் போட்ட கண்ணி, எந்தப் பக்கம் இழுத்தாலும் அவரைத்தான் இறுக்கியது.

அன்று பேருந்து ஏற்றிவிட வந்த அண்ணன் மகள்தான் சொன்னாள்: "சித்தப்பா, அப்பா இப்பவெல்லாம் அந்தத் துப்பாக்கிக்குப் பிடி கிடைக்குமான்னு தேடிட்டு இருக்காருங்க. தாத்தா வெச்சிருந்தப்ப இருந்தாட்டம் ஆக்கணுமாம். கோயமுத்தூருக்குக்கூடப் போய்ட்டு வந்துட்டாருங்க." அவருக்கு ஏற்கெனவே மூச்சிரைப்பு அதிகமாகியிருந்தது.

அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். முதலில், அது என்ன துப்பாக்கி என்றே எங்களுக்குச் சரியாகத் தெரியாது. செய்த கம்பெனி எப்போதோ அந்த வகையை நிறுத்திவிட்டது, பிறகு கம்பெனியும் இல்லாமல் போனது. துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவர், "ஏனுங்க சார், இதுக்கு உண்டான பிடி மியூசியத்துலதானுங்க இருக்கும். புதுசு ஒண்ணு எடுத்துக்கறதுன்னா சொல்லுங்க" என்றார். புதிது வேண்டாம் என்று அவருக்குப் புரிய வைக்க முடியவில்லை.

இணையத்தில் பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் குழுக்கள் வைத்திருக்கிறார்கள். குழலில் பொறித்திருந்த முத்திரைகளை அண்ணன் மகள் படமெடுத்து அனுப்ப, நான் அவற்றை அங்கே போட்டுக் கேட்டேன். கடல் கடந்து முகம் தெரியாத ஒருவர் பொறுமையாகப் பதில் எழுதினார். வகையின் பெயர் தெரிந்தது. அந்தப் பெயருக்கு இப்போதும் வார்ப்புப் பிடி செய்து விற்கும் ஒருவர் இருப்பதும் தெரிந்தது. வரவழைத்தேன். சுங்கத்தில் நிறுத்திவிட்டார்கள். பிடிதான் என்றேன். துப்பாக்கி எங்கே என்றார்கள். அண்ணனிடம் என்றேன். அண்ணனுடைய துப்பாக்கிக்கு நீங்கள் ஏன் வாங்குகிறீர்கள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த பதிலை அங்கே சொல்ல முடியாது.

ஒருவழியாகக் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு மலையேறினேன். பொருந்தவில்லை. ஒரே பெயரில் இரண்டு வடிவம் வந்திருக்கிறது. முதலில் வந்ததற்கு அடி சதுரம், பின்னால் வந்ததற்கு அடி உருண்டை. எங்களுடையது சதுரம். நான் வாங்கியது உருண்டை.

அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேராசிரியரே, பாடத்த முழுசாப் படிக்காமப் பரீட்சைக்கு வந்துட்டீங்களாட்ட இருக்குதே" என்றார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என்னை வைத்து அவர் செய்த முதல் கிண்டல் அது. பேருந்தில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பிறகு நானே செய்வதென்று துணிந்தேன். அளவு வேண்டுமே! கையில் எடுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு அண்ணன் பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "நீ தொட்டா அதுக்கொரு கேஸு வரும்" என்றார். சட்டப்படியும் அவர் சொன்னது சரி, லைசன்ஸ் இல்லாதவன் நான். எனவே அவரே துப்பாக்கியைத் தாளின் மேல் வைத்துப் பிடித்துக்கொள்ள, மகள் பென்சிலால் சுற்றி வரைந்தாள். நான் எதிர்ப்பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பழைய கட்டில் கால் ஒன்றிலிருந்து ஈட்டி மரம் கிடைத்தது. பாலக்காட்டு வீட்டில் உட்கார்ந்து செதுக்கினேன். வீணானவை பல. விரல்களிலும் காயம். படங்களில் பார்த்தது போல, இரண்டு பக்கத் துண்டுகளும் பிடியின் அடியில் வந்து சேர்ந்து மூடும்படி செய்தேன், பார்க்க அழகாக இருந்தது. கடைசியாகச் செய்த ஜோடி பொருந்தியது. ஆனால் திருகாணியைப் போட்டும் லேசாக ஆடியது.

"ஒட்டிவிடுங்கள் அண்ணா, ஆடாது" என்றேன்.

"அடியிலதாண்டா நம்பரு வெட்டியிருக்குது. மூடிக்குமே" என்றார்.

"நம்பர்தான் லைசன்சிலேயே எழுதியிருக்கிறதே" என்றேன் நான். படித்தவன் சொன்னதால் ஒப்புக்கொண்டார். பசை தடவி அழுத்தினார்.

காய்ந்த பிறகு கையில் பிடித்துப் பார்த்தார். நீண்ட நேரம் வைத்திருந்தார். "அப்பா கையில இருந்தாட்டமே இருக்குது" என்றார். மகளைப் பார்த்து, "இனி இதக் கொடுத்திரலாம் கண்ணு. அடுத்த எலெக்சனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு, வேண்டாமுன்னு எழுதிக் கொடுத்திர்றேன். இது உன்ற தலையில வந்து உழுகக் கூடாது" என்றார். வழக்குப் பொருளாக அதைக் கொடுக்க அவருக்கு மனமில்லை, அப்பாவின் பொருளாக இருந்தால் கொடுக்கலாம். எனக்குக் கண் கலங்கியது. என் கடன் தீர்ந்தது என்றுகூட நினைத்தேன்.

தேர்தல் வந்தது. அவரால் தனியாகப் போக முடியாத நிலை. நானும் கூடப் போனேன். வரிசையில் பக்கத்துக் காட்டுக்காரர் எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, சுடுறவரும் சுடப்படுறவரும் ஒரே ஆட்டோவுலயா!" என்றார். சிலர் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

மேசையில் இருந்த எழுத்தர் துப்பாக்கியையும் பழைய ரசீதையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பக்கப் பிடி இல்லை, டியூப் சுற்றியது என்று போன முறை எழுதியிருக்கிறது. இப்போது பளபளவென்று இரண்டு பக்கமும் பிடி. "நம்பர் எவிடே?" என்று மலையாளத்தில் கேட்டார். அடியில் இருக்கிறது என்றார் அண்ணன். அடியில் ஈட்டி மரம்தான் இருந்தது. எழுத்தர் எழுந்து போய் அதிகாரியை அழைத்து வந்தார். அவர் இளம் வயதுக்காரர். பழைய வழக்கு இருப்பதையும் யாரோ அவர் காதில் சொன்னார்கள். "துப்பாக்கி மாற்றியிருந்தால் வேறு கேஸ் ஆகும், அறியாமோ?" என்று கேட்டார்.

அண்ணனின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. இரண்டாவது முறையும் என்னால்தான் அவர் அங்கே நிற்கிறார்.

ஒரு காவலர் திருகாணியைக் கழற்றிவிட்டு, வராத மரத்தைத் திருப்புளியால் நெம்பினார். ஈட்டி மரம் பிளந்தது. அடுத்த பக்கமும் பிளந்தது. பசை ஒட்டிய இரும்பைச் சுரண்டியதும் நம்பர் தெரிந்தது. லைசன்சில் இருந்த அதே நம்பர்.

"யார் இந்தப் பணி செய்தது?" என்றார் அதிகாரி.

"நான்" என்றேன். "அந்தப் பழைய வழக்கைச் செய்ததும் நான்தான் சார். இவர் துப்பாக்கியை நீட்டவில்லை. நிலத்துக்காக நான் பொய் சொன்னேன்." வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகத் திரும்பி நின்று மறுபடியும் சொன்னேன்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அந்த வழக்கின் காகிதங்களே இப்போது இருக்காது, இதை எங்கே எழுதுவது என்று கேட்டார். அடுத்த ஆளை வரச் சொன்னார். வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத் தெரியாமப் போச்சேண்ணே" என்று அண்ணன் கையைப் பிடித்தார்.

வெளியே வந்து ஆட்டோவுக்காக நின்றோம். அண்ணா என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்கு எதுக்குடா சொல்றே? எனக்குத் தெரியாததா? ஸ்டேஷன்காரனுக்கும் வேண்டாம், அவன் அன்னிக்குப் பொறக்கவே இல்ல. நீ சொன்னத நம்புனவங்கல்ல பாதிப் பேரு போய்ச் சேர்ந்துட்டாங்க. மிச்சம் இருக்கறவங்களுக்குச் சொல்லு. ஒருத்தர் விடாமச் சொல்லு."

அந்த மிச்சம் இருப்பவர்கள் நீங்கள்.

அவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. துப்பாக்கி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். உத்தரவு வருவதற்குள், ஏலக்காய் பறிப்பு நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், ஸ்டோர் வாசலில் நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டார். அவர் எதற்கு அஞ்சினாரோ அதுவே நடந்தது. வாரிசு என்ற முறையில் இப்போது மகளைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நானும் கூடப் போகிறேன். அவள் என்னோடு அலுவலக விஷயம் மட்டும்தான் பேசுகிறாள். ஓடைப் பக்கத்தை அவள் பெயருக்கு எழுதிவிட்டேன். வாங்கிக்கொண்டாள். "இது அப்பாவோட தண்ணிங்க" என்றாள். நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை.

அண்ணனின் கடைசி மாதங்களில் அழைத்தபோதெல்லாம் வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவருக்கும், ஏலக்காட்டு வேலையை ஒரு நாளும் நிறுத்தாமல் பார்த்துக்கொண்ட பெண்களுக்கும், பாடைக்கு முதல் தோள் கொடுத்த பக்கத்துக் காட்டுக்காரருக்கும், பாலக்காட்டிலிருந்து வண்டி பிடித்து வந்து சேர்ந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. என் சொல்லை நம்பாமல், அந்த வருடங்களில் அண்ணன் வீட்டில் கை நனைத்தவர்கள் ஒரு சிலர் உண்டு. அவர்களை என் தலைக்கு மேல் வைக்கிறேன்.

உங்கள் எல்லோரிடமும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அண்ணனுக்குக் கல்யாண வயதில் பேத்தி இருக்கிறாள். வரன் பேச வருகிறவர்கள் எவரேனும் அந்தப் பழைய கதையை எடுத்தால், பேச்சை மாற்றாதீர்கள். அது பொய் என்று அங்கேயே சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால், பொய் சொன்ன தம்பியே எழுதிக் கொடுத்திருக்கிறான் என்று இந்தப் பக்கத்தை அவர்கள் கையில் கொடுங்கள்.